விரிசலில் பதித்த கண்ணாடிச் சில்லு

ஐந்தருவிக்குப் போகும் வழியில், சாரலுக்கு ஒதுங்கி ஒரு டீக்கடையில் நானும் என் மனைவியும் நிற்கிறோம். கடைக்குப் பின்னால், மலைமண் சரியாமல் இருக்கக் கட்டிய கருங்கல் சுவர். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். விரிசலின் குறுக்கே, சிமெண்டு வைத்துப் பதித்த சின்னக் கண்ணாடிச் சில்லு ஈரத்தில் மினுங்குகிறது. யாரோ கும்பிடுகிற இடம் என்று என் மனைவி நினைக்கிறாள், நானும்தான். குற்றாலநாதர் சந்நிதியில் தந்த குங்குமத்தை எடுத்து அவள் அதன்மேல் தாராளமாக அப்ப, நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

"ஏ அக்கா, சில்லை மறைச்சிட்டியளே!" கடைக்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வருகிறாள். "அது சாமியில்ல. ரோட்டு மேஸ்திரி வச்சது. சுவரு லேசா அசைஞ்சாலும் சில்லு உடைஞ்சிரும். உடைஞ்சா அன்னைக்கே கடையைக் காலி பண்ணணும்னுட்டாவ. காலையும் சாயந்தரமும் நான்லா பாத்துக்கிட்டு இருக்கேன்!"

எனக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. மனைவி முந்தானையை நனைத்துப் பதமாகத் துடைக்கிறாள். மூன்று பேரும் குனிந்து பார்க்கிறோம். ஒரு கீறல்கூட இல்லை.

கடைக்காரம்மாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வருகிறது. "என்ன வேண்டிக்கிட்டிய அண்ணாச்சி?"

"பிள்ளைங்க நல்லாயிருக்கணும்னுதான்."

"இந்தச் சில்லையும் சேத்துக்கிடுங்க. ஆனா தள்ளி நின்னு கும்பிடுங்க."

கோயில் இருக்கும் திசை பார்த்து நின்று, மனசார வேண்டிக்கொள்கிறேன். மிச்சக் குங்குமத்தை என் மனைவி, இந்தத் தடவை இடம் பார்த்து, கடைக்காரம்மாவின் நெற்றியில் இடுகிறாள்.