மெகரின் ஒட்டு மாங்கன்று

என்னைக் கைராசிக்காரி என்று ஊரே கொண்டாடுகிறது. அந்தப் பெயரை நான் திருடினேன். ஆம், திருட்டுத்தான்... உங்களிடம் பூசி மெழுக மாட்டேன்.

கோவையில் வணிகவியல் படித்தபோது, பிற துறை மாணவர்களுக்கென்று தோட்டக்கலை அறிமுகப் பாடம் ஒன்று இருந்தது. சுலபமாக மதிப்பெண் கிடைக்கும் என்றார்கள். நானும் என் தோழி மெகருன்னிசாவும் சேர்ந்தோம். ஆளுக்கொரு மாங்கன்றில் ஒட்டுக் கட்ட வேண்டும். ஒட்டு பிடித்தால் முழு மதிப்பெண்!

ஒரு காலை, தண்ணீர் ஊற்ற வேண்டியது என் முறை. பசுமைக்குடிலில் எவரும் இல்லை. என் ஒட்டு கருகியிருந்தது. பக்கத்தில் மெகரின் ஒட்டிலோ செம்பு நிறத் தளிர்! வயிறு எரிந்தது. இரண்டு கன்றுப் பைகளிலும் தொங்கிய பெயர் அட்டைகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

"அட, காமர்ஸ் அம்மணிக்கு இப்பிடியொரு கைராசிங்களா!" என்று பேராசிரியர் அந்தக் கன்றை வகுப்பின் முன் தூக்கிக் காட்டினார். கைதட்டல்... எத்தனை இனிப்பு அது!

மெகர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற கை ஆகாத கையாட்ட இருக்குது கண்ணு" என்றாள். நான் மறுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கிடைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே! விழுந்து விழுந்து கற்றேன். மண், எரு, பதியன், ஒட்டு... தொட்டதெல்லாம் துளிர்த்தது! இன்று கிணத்துக்கடவு முதல் உடுமலைப்பேட்டை வரை, புதுவீடு புகுந்தால் முதல் தென்னங்கன்றை நட என்னைத்தான் அழைக்கிறார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிமிர்கிறது. திருடிய பெயரை உழைத்து என்னுடையதாக்கிவிட்டேன் அல்லவா? அப்படியானால் இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

சென்ற மாதம் மெகர் பொள்ளாச்சியில் வீடு கட்டிக் குடியேறினாள். கன்று நட என்னையே அழைத்தாள். ஒரு கை பிடிக்கச் சொன்னேன். அவளோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகினாள்.

"வேண்டாங் கண்ணு, நாந் தொட்டாப் பட்டுப்போயிரும். காலேஜ்லயே பாத்தமல்ல? அதுக்கப்பறம் ஒரு செடி வெச்சதில்ல நானு."

சொல்லிவிட வாயெடுத்தேன்... சொன்னால் என் பெயர் என்னாவது? நானே நட்டு மண்ணை மிதித்தேன்.

இன்று காலை அலைபேசியில் அழைத்தாள். "குருத்து உட்டிருச்சு கண்ணு! உன்ற கை தங்கக் கைடி!"

நானும் துள்ளினேன்! வென்றேன், மறுபடியும் வென்றேன்! அந்த மிதப்பில் என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"ஞாயித்துக்கெழம மல்லிகப் பதியனோட வாரேன். அதுவரைக்கும் நீ ஒண்ணையுந் தொட்டுராத."

"செரி கண்ணு, தொட மாட்டேன்" என்றாள் மெகர்.