கண்டக்டரின் பொன்னாடை

நாலு மூங்கில், ஒரு கட்டுத் தென்னை ஓலை. இதை வைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தவன் நான். இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் மூன்று குடோன், ரெண்டு லாரி, நாலாயிரம் சேர், அடைமழையிலும் ஒரு சொட்டு ஒழுகாத இரும்புப் பந்தல்! முசரவாக்கத்தில் ஊரான் வயலில் நாற்று நட்ட வீட்டுப் பிள்ளை. படிப்பு மூணாங்கிளாஸ் — அதுவும் பாதி. என்னைக் கல்யாண வீட்டு வாசலோடு நிற்க வைத்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு மேடை போட்டவனே நான்தான். கோயில் திருவிழாவா, சர்ச் திருவிழாவா, கட்சிக் கூட்டமா... கூப்பிடு ஞானப்பிரகாசத்தை!

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் சொல்கிறேன். இனிமேலும் சொல்வேன்.

ஆனால், போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதை எழுத உட்கார்ந்தால் கால் தரையில் நிற்கவில்லை. "ஒரு எடத்துல உக்காந்து எழுதுங்க. குதிச்சிக்கினே எழுதினா யாருக்குப் புரியும்?" என்கிறாள் சலோமி, என் வீட்டுக்காரி.

சரி, உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா. எனக்கு 'உழைப்புச் செம்மல்' பட்டம். செயலாளர் பளபளக்கும் கவரைக் கிழித்து, பொன்னாடையை உதறி, என் தோளில் போர்த்தினார். கைதட்டல். நான் சும்மா இருப்பேனா? வழக்கம்போல ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

விரலில் தட்டியது... மூணு முடிச்சு!

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். வாடகைக்கு விடுகிறவன் வீட்டில் அடையாளம் இல்லாத பொருளே கிடையாது. அண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாவற்றிலும் ஒரு அடையாளம் இருக்கும். அப்போதுதான் பொருள் வீடு திரும்பும். துணி என்றால், பச்சைப் பட்டு நூலில் ஓரத்தில் மூணு முடிச்சு. எங்கள் ஊரில் பட்டு நூலுக்கா பஞ்சம்? பழக்க தோஷம்... எனக்குப் போர்த்திய பொன்னாடைகளையும் நான் விடவில்லை.

"என் கழுத்துல போட்டதும் மூணு முடிச்சு, இதுக்கும் மூணு முடிச்சா?" என்று சலோமி ஒருநாள் சண்டைக்கு வந்தாள்.

"ரெண்டுமே தொலையாம இருக்குதா இல்லியா?" என்றேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது.

எனக்கு வந்த பொன்னாடைகள் இருநூற்றுச் சொச்சம். அத்தனையும் பீரோவில் இருக்கின்றன. என் வீட்டை விட்டு வெளியே போனது ஒன்றே ஒன்று. அதை வாங்கிக்கொண்டவர் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கொலையானார். அந்தப் பொன்னாடையும் அவரோடு காணாமல் போனது.

அது இப்போது என் தோளில் இருக்கிறது. எப்படி இருக்கும்... சொல்லுங்கள்?

அவரை பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கண்டக்டர் என்பார்கள். நிஜக் கண்டக்டர் இல்லை. சொந்த ஊர் எது, என்ன பேர் என்று கேட்டால் சிரிப்பார். பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் படுக்கை. விடிந்தால் பஸ் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். "ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீபெரும்புதூர்! ஏறும்மா, சீட்டு கீது!" யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால், வழி தெரியாமல் வந்த எத்தனை பேரைச் சரியான பஸ்ஸில் ஏற்றியிருப்பார்!

ஒரு ராத்திரி, மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கிடைத்த பொன்னாடை என் கையிலேயே இருந்தது. முடிச்சுப் போட்ட கையோடு கொண்டு போய்க் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தலைவரே, இது குளுரு தாங்காது. கைதட்டு தான் தாங்கும்."

சொன்னதும் சரிதானே? பட்டு நெய்கிற ஊரில் நாங்கள் ஒருவருக்கொருவர் பாலியஸ்டர்தான் போர்த்திக்கொள்கிறோம்!

மறுநாள் அதைப் போர்த்திக்கொண்டே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டார். பக்கத்தில் பூ விற்கிற மல்லிகா, "இன்னா கண்டக்டரே, மந்திரி ஆயிட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. போக்குவரத்து மந்திரி!"

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. ஒரு டிரைவர் சல்யூட் கூட அடித்தார்.

மாதம் முடிவதற்குள், ஒரு காலையில் அதே கடை வாசலில் பிணமாகக் கிடந்தார். யாரோ தலையில் கல்லால் அடித்திருந்தார்கள். மேலே பொன்னாடை இல்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு இருந்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒரு பொன்னாடைக்கா கொலை பண்ணுவாங்க? போய் வேலையைப் பாருங்க பெரியவரே." நானும்... வந்துவிட்டேன். இந்தப் பத்தியில் நான் பெருமைப்படாத இடம் இது ஒன்றுதான்.

மல்லிகா விடவில்லை. மாதம் தவறாமல் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாள். போன மாதம் அவளிடம் சொல்லிவிட்டார்களாம் — துப்பு எதுவும் இல்லை, ஃபைலை மூடப் போகிறோம் என்று. என் குடோனுக்கு வந்து சொன்னாள்:

"அண்ணா, நானும் அந்த வரிசைல தான் படுக்கறேன். அடிச்சவன் தெனமும் என்கிட்டயே பூ வாங்கிக்கினு போறானோ இன்னாவோ? யாருன்னு தெரியாம நான் எப்புடிக் கண்ண மூடுவேன்?"

ஒரு சேரை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். நாலாயிரம் சேர் வைத்திருப்பவனால் அன்றைக்கு முடிந்தது அது ஒன்றுதான்.

இப்போது மேடைக்கு வாருங்கள். மூணு முடிச்சு விரலில் பட்டதும் மைக்கைப் பிடுங்கினேன். "கெடைச்சிடுச்சி! கெடைச்சிடுச்சி!" என்று கத்தினேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பட்டம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துவிட்டார்கள்!

செயலாளர் காதைக் கடித்தேன். "இதை எங்கப்பா வாங்கின?"

"அண்ணா, சத்தியமா புதுசுண்ணா! வேணும்னா அடுத்த வருஷம் நல்லதா போடறோம்ணா, மைக்க குடுங்கண்ணா..."

கடைப் பேரை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, கையில் கேடயம். வழியில் ரெண்டு பேர் கும்பிட்டார்கள். ஒருத்தர், "எந்த வார்டுல நிக்கறீங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர் முதலில் மழுப்பினார். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

"அண்ணா, எந்த ஊட்லயும் பீரோ ஒன்னுதானே இருக்கும்? பெரிய மனுஷங்க வாங்கற பொன்னாடைய அவங்க ஆளுங்க மூட்ட மூட்டையா இங்க கொண்டாந்து போடறாங்க. தொவைச்சி, இஸ்திரி போட்டு, புதுக் கவர்ல வெச்சி..."

புரிகிறதா? எங்கள் ஊரில் இத்தனை செம்மல்கள், இத்தனை திலகங்கள், இத்தனை மாமணிகள்... எல்லோருடைய தோளிலும் ஒரே நூறு பொன்னாடைதான் சுற்றிக்கொண்டு இருக்கிறது! நேற்று எம்.எல்.ஏ. வியர்வை, இன்றைக்கு என் வியர்வை. சமத்துவம் என்றால் இதுதான் சமத்துவம்.

"இதுவும் மூட்டையில வந்ததா?" என்று ஓரத்து முடிச்சைக் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "இல்லண்ணா. ஒத்தப் பொன்னாடையா ஒருத்தன் கொண்டாந்தான். ஒன்னே ஒன்ன எவனும் கொண்டாற மாட்டான், அதனால ஞாபகம் இருக்குது. மூணு வாரம் ஆவுது. ஆளு யாருன்னு தெரியாது. கேமராவுல மூஞ்சி இருக்கும்."

"எடு!"

"எனக்கு எடுக்கத் தெரியாதுண்ணா. ஒரு மாசம் ஆனா அதுவே அழிஞ்சிக்கும்."

ஒரு வாரம்தான் பாக்கி! இந்த விழாவுக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டிருந்தால்? வேறு ஆள் தோளில் போர்த்தியிருந்தால் இந்த முடிச்சு யாருக்குத் தெரியும்? நாலு தோள் மாறிப் போயிருக்கும்.

ஸ்டேஷனில் இப்போது புதுசாக ஒரு இன்ஸ்பெக்டரம்மா. மாலையோடு உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, "என்ன விசேஷம் அய்யா?" என்றார். "கொலைம்மா!" என்றேன். நான் சொன்ன வேகத்தில் ஏட்டய்யா எழுந்தே நின்றுவிட்டார்.

சிரிக்காமல் முழுதும் கேட்டார் அந்த அம்மா. அரை மணி நேரத்தில் கேமராப் பதிவு ஸ்டேஷனுக்கு வந்தது. முகம் தெளிவாக இருக்கிறது. எப்படிப்பட்ட முகம் என்று எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், எழுத மாட்டேன். அந்த ஆள்தான் கொன்றான் என்றும் நான் சொல்லவில்லை. அவன் கைக்கு அது எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும். கொலைகாரன் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஃபைல் மூடவில்லை! ரெண்டு வருஷத்தில் முதல் முறையாக அதைத் தூசி தட்டியிருக்கிறார்கள். மல்லிகாவுக்கு ஆள் அனுப்பினேன். கூடையோடு ஓடி வந்தாள்.

அப்புறம்தான் சிக்கல்.

"அய்யா, படம் மட்டும் போதாது. இந்தத் துணி இறந்தவரோடதுதான்னு யாராவது சாட்சி சொல்லணும். கோர்ட்டுல வந்து நிக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

கேமராப் பதிவோடு வந்திருந்த கடைக்காரர், "என் பேரு வேணாம்மா" என்றார். சங்கச் செயலாளர் போனில், "எங்க சங்கம் பேரே வரக்கூடாது" என்றார். என் பெரிய மகனும் போன் பண்ணினான். "நைனா, எவன் ரௌடியோ, எவன் குடிகாரனோ. தகவல் குடுத்தாச்சி இல்ல, பேசாம வந்துடு."

அந்த அம்மா நல்லவர். "கவலைப்படாதீங்க. 'நம்பத்தகுந்த தகவலின் பேரில்' அப்படின்னு எழுதிக்கறேன். உங்க பேர் வராது" என்றார். சொல்லிக்கொண்டே பழைய ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தார். இறந்தவர்: பெயர் தெரியாத ஆண். எதிரி: பெயர் தெரியாத நபர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"செத்தவருக்குப் பேரு இல்ல, அடிச்சவனுக்குப் பேரு இல்ல, சொன்னவனுக்கும் பேரு இல்லன்னா அந்தக் காயிதத்துல யாரும்மா இருக்கறது? எழுதுங்க! மு. ஞானப்பிரகாசம், பந்தல் கான்ட்ராக்டர், முசரவாக்கம். எந்தக் கோர்ட்டுக்கு வேணா வரேன். எவன் கேட்டாலும் சொல்றேன்!"

கதவோரம் நின்ற மல்லிகா கூடையைக் கீழே வைத்தாள். "நானும் சொல்றேம்மா. அந்தத் துணிய அவரு போத்திக்கினு சுத்தனத தெனமும் பார்த்தவ நானு. எம் பேரையும் எழுதிக்க."

கூரை இல்லாமல் படுக்கிறவள். போகிற வருகிற யாரும் தொட்டுவிடக்கூடிய இடத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறவள். அவள்தான் பேர் கொடுத்தாள். அன்றைக்கே குடோனில் ஒரு ரூமை ஒழித்து, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஆள் பிடிபட்டால் பேப்பரில் 'போலீஸாரின் தீவிர முயற்சியால்' என்று வரும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாட்சிப் பட்டியலில் மல்லிகா ரெண்டாவது. முதல் பேர் என்னுடையது. வரிசை மாறக்கூடாது!