பின்பக்கம் கேட்ட சத்தம்

போன கிழமை கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தார். குடியை விட்டவருக்கும், விட முயல்பவருக்கும் இடையில் எவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம்.

அளக்க முடியுமா? முடியும் என்றார். ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி.

நான் குடித்த கதையும் விட்ட கதையும் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் பழசு. இப்போது எங்கள் தேவாலய மண்டபத்தில், விட முயல்பவர்களுக்குத் துணையாக இருக்கிறேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் செல்வராசா. அன்புவழிபுரத்துக்காரர். வள்ளங்களின் என்ஜின் திருத்துபவர். கடலுக்குப் போகத் தடை வந்தது. கையில் வேலை இல்லை, போத்தல் வந்தது. என்னோடு சேர்ந்த பிறகு தொடவேயில்லை — என்றுதான் நினைத்திருந்தேன்.

மாணவி எங்களைத் தனித்தனியே கேட்டார். “அவர் மறுபடி குடித்தால் உங்களிடம் வந்து சொல்வாரா?”

யோசிக்கவே இல்லை. ஐந்து என்றேன்.

அதே கேள்விக்குச் செல்வராசா பதில் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

“என்ன செல்வராசா?”

“அண்ணை, அண்டைக்கு என்னை ஆரும் பிடிக்கேல்லை.”

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது...

இரண்டு மாதத்துக்கு முன் கந்தளாய்க்குப் போன செல்வராசா அன்று திரும்பவில்லை. இந்தக் காலத்தில் ஆள் வீடு திரும்பாவிட்டால் என்ன நினைப்போம்? அவர் மனைவி மேரி அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தார். மறுநாள் காலை இருவரும் இராணுவ முகாம் வாசலில் போய் நின்றோம். எந்த முகாம் என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

மத்தியானம் செல்வராசா தானாகவே வீடு வந்தார். வீதிச் சோதனைச் சென்றியில் மறித்து அந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றார். தெருவே கூடி அழுதது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

உண்மையில் அவர் கந்தளாயில் பழைய கூட்டாளி வீட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடந்திருக்கிறார்.

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?”

“எனக்காக முகாம் வாசலில நிண்டனீங்கள் அண்ணை. எந்த முகத்தோட சொல்லுறது?”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் புஷ்பம் இருக்கிறார். அவருடைய கணவரை உண்மையாகவே கொண்டுபோனார்கள். ஒரு தகவலும் இல்லை. அன்று புஷ்பம் செல்வராசாவின் கையைப் பிடித்துக் கேட்டாராம்: “தம்பி, அங்க எங்கட இவரைக் கண்டனீங்களோ?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “பின்பக்கம் தமிழாக்கள் கதைச்ச சத்தம் கேட்டது அக்கா,” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து புஷ்பம் ஒவ்வொரு வெள்ளியும் சாப்பாட்டுப் பார்சலோடு அந்த வாசலில் போய் நிற்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. குடியை விட்டவர்களுக்கு ஒரு புதுப் போதை பிடிக்கும் — உபதேசம். அந்த இரண்டு மாதமும் செல்வராசாவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் எப்படி வென்றேன் என்றே கதைத்திருக்கிறேன். தோற்றவர் எப்படி வாய் திறப்பார்?

“வாங்கோ, போய்ச் சொல்லுவம்.”

“எனக்கு ஏலாது அண்ணை.”

“நானும் வாறன்.”

புஷ்பம் குசினியில் மறுநாள் பார்சலுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தார். செல்வராசா கதவு நிலையைப் பிடித்தபடி, தலை குனிந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

புஷ்பம் ஏசவில்லை. அழவும் இல்லை.

“அப்ப அங்க ஒருத்தரும் கதைக்கேல்லையோ?”

“நான் அங்க போகவேயில்லை அக்கா.”

அடுப்பை அணைத்தார். “இனி நான் எந்த வாசலுக்குப் போறது?”



வெள்ளி காலை செல்வராசா புஷ்பத்தின் வீட்டுக்குப் போனார். மற்ற முகாம்களில் விசாரிக்க நானும் கூட வருகிறேன் என்றார். புஷ்பம் கதவைச் சாத்திவிட்டார். செல்வராசா வெயிலில் நின்றார். வெகுநேரம் கழித்து, கணவரின் படத்தோடு புஷ்பம் வெளியே வந்தார். செல்வராசா முன்னே, அவர் சற்றுப் பின்னே.

எந்த வாசலிலும் தகவல் கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளியும் போவார்களாம்.

பின்னேரம் செல்வராசா மண்டபத்துக்கு வந்தார். முகம் கருகியிருந்தது.

“இப்பவும் குடிக்கோணும் போல கிடக்கு அண்ணை.”

“எனக்கும்தான்,” என்றேன்.

இதை நான் அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.