முதல் வரிசையில் ஒருவர்

போட்டியாளருடன் வந்திருப்பவர் சொல்லாலோ சைகையாலோ விடையைச் சுட்டினால் அந்தக் கேள்வி ரத்து செய்யப்படும். வேறு கேள்வி கேட்கப்படும். உடன் வந்தவர் அரங்கிலிருந்து வெளியேற்றப்படுவார். இவை மூன்றும் ஒளிபரப்பில் தெரிவிக்கப்படும். இது விதி ஆறு. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படித்ததால் எனக்கு மனப்பாடம். விதி ஏழு இரண்டு இடங்களில் வருகிறது என்றுகூட அவர்களிடம் சுட்டிக்காட்டினேன். அடுத்தவர் எழுதிய கோப்புகளில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான். விதி ஆறை மீறியவனும் நான்தான்.

போட்டியாளர் என் மனைவி. பி.யு.சி.யோடு நின்றுபோன படிப்பை, மகன் வேலைக்காகப் புனேவுக்குப் போன பிறகு, தொலைநிலைக் கல்வியில் தொடர்ந்தாள். சனிக்கிழமை தோறும் லேப்டாப்பில் வகுப்பு. பாடம் அவளுக்குச் சிரமமாக இல்லை. கேமராதான் சிரமம். அந்தச் சின்ன வெளிச்சம் எரிந்ததும் முகம் பாஸ்போர்ட் போட்டோ போல ஆகிவிடும். பிரேசர் டவுன் மார்க்கெட்டில் தமிழ், கன்னடம், உருது என்று மூன்றிலும் பேரம் பேசுகிறவளுக்கு ஒரு மொழியிலும் வார்த்தை வராது. இறுதியாண்டில் வாய்மொழித் தேர்வு வீடியோவில்தான். கேமராவை அணைத்தால் வரவில்லை என்று குறிப்பார்கள். ஒருமுறை அணைத்தாள். குறித்தார்கள். இன்னொரு வாய்ப்புதான் மிச்சம். அதிலும் தவறினால் மூன்று வருடப் படிப்பு வீண்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் வாரம் ஒரு வினாடிவினா உண்டு. நான்கு விடைகளில் ஒன்றை உடனே சொல்ல வேண்டும். நான் லேப்டாப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரல் காட்டுவேன். முதல் விடைக்கு ஒரு விரல், நான்காவதற்கு நான்கு. இதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தேன். அலுவலகத்தில் வேறு யாராவது செய்திருந்தால் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருப்பேன். ஒருநாள் ஆசிரியை, யாரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் கேமராவை அணைத்துவிட்டாள். கரண்ட் போய்விட்டது என்று எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அவளோடு படிக்கும் மர்பி டவுன் பெண் ஒருத்தி, துணிக்கடையில் வேலை பார்ப்பவள், ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளூர்த் தமிழ்ச் சேனல் ஒன்று கேம் ஷோ எடுக்கப்போகிறதாம். தரையில் நான்கு கட்டம். சரியான விடையின் கட்டத்தில் போய் நின்று மைக்கில் சொல்ல வேண்டும். "ஆன்ட்டி, ஒருவாட்டி அந்த லைட்ல நின்னுட்டீங்கன்னா, அப்பறம் லேப்டாப்லாம் ஒரு மேட்டரே இல்ல" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் நடுங்கப் போவதை ஊரே பார்க்கும் என்றேன். மனைவி படிவத்தைத் தானே நிரப்பினாள். வீட்டில் நான் நிரப்பாத முதல் படிவம் அது.

மண்டபத்தில் உடன் வந்தவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பின்னால் போகிறேன் என்றதற்கு, "இல்ல சார், உங்க டென்ஷன் ஃபேஸ் எங்களுக்கு வேணும்" என்றார் சேனல் மேனேஜர். மனைவி நீலப் புடவையில் கட்டங்களுக்கு நடுவே நின்றாள். முதல் கேள்விக்குக் குரல் கேட்கவே இல்லை. மைக்கைச் சரிசெய்தார்கள். இரண்டாவதற்குச் சரியான கட்டத்துக்குப் போனாள். மூன்றாவதற்கும் போனாள். கைதட்டினார்கள். அவள் முகத்தில் ரத்தம் திரும்புவதை முதல் வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது.

நான்காவது கேள்வி: ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் யோசித்தாள். கடிகாரம் ஓடியது. அப்போது என் வலது கை முழங்காலிலிருந்து எழுந்தது. நான் எழுப்பவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு விரல் தானாக நீளாது. அவள் பார்த்தாள். இரண்டு வருடப் பழக்கம், பார்வை தானாக என் பக்கம் வந்தது. பிறகு கேமராவின் பக்கம் திரும்பினாள். அது எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. நேராகப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு விரல் காட்றாரு. நான் பாத்துட்டேன். இந்தக் கேள்வி எனக்கு வேணாம், வேற கேளுங்க."

குரல் நடுங்கவில்லை. அவளிடம் அப்படியொரு குரல் இருப்பது கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. மண்டபம் சிரித்தது. தொகுப்பாளினியும் சிரித்து, "அங்கிள், வீட்டுக்குப் போனதும் இருக்கு உங்களுக்கு" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. என்னை வெளியேற்றவும் இல்லை. விடை தெரியாது என்று குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். விதி ஆறைச் சொல்லி எழுந்து நின்றிருக்க வேண்டியவன் நான். வேறு எந்த இடமாக இருந்தாலும் நின்றிருப்பேன். அன்று செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளியில் அவள் அடுத்த சுற்றை இழந்தாள்.

ஆட்டோவில் வரும்போது அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு வரப்போகும்போதுதான் பேசினாள்.

"மூணுன்னு எனக்குத் தெரியும். எங்க பாடத்துலயே இருக்கு. நீங்க காட்டினது தப்பு."

கொஞ்சம் கழித்து, "எனக்கு கேமராவப் பாத்து பயம்னே நெனச்சிட்டு இருந்தேன். உங்களப் பாத்துத்தான் போல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரிபார்த்தவள் சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்பானது. அவள் பேசியதை வெட்டிவிட்டார்கள். கேள்வி கேட்கிறார்கள், அவள் விழிக்கிறாள், தவறு என்று மணி அடிக்கிறது. மறுநாள் கீழ்வீட்டு அம்மா, "கேமரா முன்னாடி அப்படித்தான், யாருக்கும் வர்றதில்ல" என்று ஆறுதல் சொன்னார். மனைவி சிரித்துக்கொண்டு சரி என்றாள். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். இன்றும் அந்தச் சிரிப்பை நினைத்தால் காது சூடாகிறது. அவள் வாழ்க்கையில் துணிந்து செய்ததை ஊர் பயம் என்று சொல்கிறது. அவளைத் தவிர அங்கே உண்மை தெரிந்தவன் நான் ஒருவன், பேசாமல் நிற்கிறேன்.

ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் புகார் தரலாம் என்று விதி பதினொன்று சொல்கிறது. மனு எழுத எனக்கு அரைமணி நேரம் போதும். ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். மனு எழுதினால் நடந்ததை எழுத வேண்டும். கடைசியில் ஒரு வரைவு தயாரானது. "முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் சைகை செய்த நிலையில்" என்று தொடங்கியது. முப்பது வருடப் பழக்கம் கைகொடுத்தது. மேசைமேல் வைத்திருந்ததை அவள் எடுத்துப் படித்தாள்.

"யாருங்க அந்த ஒருத்தரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

மறுபடி எழுதினேன். போட்டியாளரின் கணவனாகிய நான் விரல் காட்டினேன், நான் காட்டிய விடை தவறு, அவர் அதை மறுத்து கேமரா முன் சொன்னதை நீங்கள் நீக்கிவிட்டீர்கள், அதை அப்படியே வெளியிட வேண்டும். பெயர், வயது, முகவரி, கையெழுத்து. ஏழாம் நாள் பதிவுத் தபாலில் சேர்த்தேன். பிறகு கீழ்வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மனைவியைக் காப்பாற்றுவதற்காகப் பழியை ஏற்கும் நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டார். அதைவிடக் கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவது, மூன்றாவது என்று அனுப்பினேன். இதற்கிடையில் வாய்மொழித் தேர்வு வந்தது. அவள் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் அவள் குரல் நிற்காமல் கேட்டது. ஓரிடத்தில் சிரித்தாள்கூட. வெளியே வந்து சாதம் வைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். தேர்வு எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. தேறிவிட்டாள் என்பதை மர்பி டவுன் பெண் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி எதற்கு அந்தக் கடிதம் என்று அவள் ஒருமுறை கேட்டாள். உனக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை என்றேன். நான்காவது நினைவூட்டலை அனுப்பினேன்.

கடைசியில் பதில் வந்தது. எனக்கில்லை, அவள் பெயருக்கு. பதிவைப் பார்த்தோம், புகார் உண்மை, வெட்டிய பகுதியைச் சேர்த்து நிகழ்ச்சியை மீண்டும் வெளியிடுகிறோம், உடன் வந்தவர் இனி எங்கள் படப்பிடிப்புகளுக்கு அனுமதிக்கப்படமாட்டார். அவள் அதைச் சத்தமாக இரண்டு முறை படித்தாள். நிகழ்ச்சி மறுபடி வந்தபோது கீழ்வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு மூவருமாக அவள் போனில் பார்த்தோம். நான் எழுந்து போகவில்லை. அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.