இருபத்திரண்டாயிரம் தட்டல்கள்

சங்கமித்ரா எங்கள் யார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக வந்தாள். சர்வர் அறையிலிருந்த பெட்டிகளைத் திறந்து, கடல் காற்றில் உப்புப் பூத்துப் போயிருந்த போர்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துலக்கினாள். செத்துப்போயிருந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் சாயங்காலத்துக்குள் எழுந்துவிட்டன. "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று ஆபீஸே எட்டிப் பார்த்தது.

இது நடந்தது 2006இல். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு அது. நான் ராயபுரத்துக்காரி, பெயர் ரேச்சல். அங்கே கப்பல் காகிதங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். என் மேஜைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அதனால் சங்கமித்ரா செய்த காரியத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா பீம்ராவுக்கு ரயில்வேயில் வேலை. டிப்ளமோ முடித்துவிட்டு, ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் மூன்று வருஷம் மோடம் ரிப்பேர் பார்த்திருந்தாள். வேகமாகச் சாப்பிடுவாள், வேகமாகப் பேசுவாள். ஏதாவது ஒன்று ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாமல் போனால் மட்டும் அவளுக்கு உடம்பே ஒத்துக்கொள்ளாது.

2008 ஜூன் மாதம் எங்கள் நிர்வாகம் ஒரு பெரிய சர்வரை வாங்கியது. பழைய ஐந்து பெட்டிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த ஒன்றுக்குள்ளேயே ஐந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல மென்பொருளால் பிரித்து ஓட்டுவது என்று ஏற்பாடு. ஒன்று கேட் கேமராக்களுக்கு, ஒன்று எடை மேடைக்கு, ஒன்று எங்கள் காகிதங்களுக்கு. மெய்நிகர் கணினிகள் என்று பேப்பரில் எழுதுவார்களே, அதுதான். சர்வரை விற்ற கம்பெனிக்காரர்கள் பொருத்திக் கொடுத்து, கேக் வெட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே கேட் படுத்துவிட்டது.

லாரி உள்ளே வரும்போது நான்கு கேமராக்கள் கன்டெய்னரின் எண்ணையும் கதவில் போட்ட முத்திரையையும் படம் பிடிக்கும். படம் பதிவானால்தான் நுழைவுச் சீட்டு அச்சாகும். முன்பு நாற்பது விநாடியில் வந்த சீட்டு இப்போது நான்கு நிமிஷம் எடுத்தது. லாரி வரிசை எர்ணாவூர் வரை நீண்டது. கேட்டைப் பார்த்துக்கொண்ட மஜீது பாய்க்கு ஒரு வாரத்தில் தொண்டை கட்டிப்போயிற்று. லாரி ஓட்டும் வல்லரசு ஜன்னலில் தலையை விட்டுக் கத்துவார்: "இன்னா பாய், உங்க கம்ப்யூட்டரு தூங்கிகினு கீதா? காலைலேர்ந்து ஒரே எடத்துல நிக்கிறேன், வண்டில புல்லு மொளைச்சிடும் போல கீது!"

விற்ற கம்பெனியில் கேட்டால், இதைவிடப் பெரிய சர்வர் வாங்குங்கள் என்றார்கள். எங்கள் மேனேஜர் தண்டபாணி அதற்கும் சம்மதிக்கிற நிலைமையில் இருந்தார். சங்கமித்ராதான் குறுக்கே விழுந்தாள். "சார், ஏன் மெதுவா ஓடுதுன்னே தெரியாம இன்னொண்ணு வாங்கினா அதுவும் இப்படித்தான் ஓடும். நாலு நாள் குடுங்க."

அன்றைக்கு மத்தியானம் கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். "ரேச்சலு, ஓடியா! இந்த நம்பரப் பாரு!"

திரையில் ஒரு பெரிய எண். பத்து விநாடி கழித்து மறுபடி அதே கட்டளையைத் தட்டினாள். எண் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தாள். பத்தால் வகுத்தாள். விநாடிக்கு இருபத்திரண்டாயிரம்.

"இருபத்திரண்டாயிரம் என்னது?"

"தட்டல்!" என்றாள். கண் இரண்டும் விரிந்திருந்தது.

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கேபிள் வழியாக வரும் படம் முழுசாக வராது, சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். ஒரு பொட்டலம் வந்ததும் நெட்வொர்க் கார்டு பிராசஸரைத் தட்டிச் சொல்லும். பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனிக்கும். அந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். நிஜமான கார்டில் அது பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் எங்கள் கேமரா கணினிக்கு நிஜக் கார்டே கிடையாது, கார்டு போல நடிக்கிற மென்பொருள்தான் உண்டு. அங்கே ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தக் கணினியையே துளி நேரம் நிறுத்தி, வெளியிலிருக்கும் பெரிய கணினி உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். விநாடிக்கு இருபத்திரண்டாயிரம் தடவை நின்று நின்று கிளம்பினால் வேலை எப்படி நடக்கும்?

"ஒரு தட்டல் போதும் ரேச்சலு. அப்புறம் 'நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன், தட்டாதே'ன்னு ஒரு குறிய வச்சிட்டு, வரிசைல இருக்கிற எல்லாத்தையும் எடுத்து முடிச்சிடலாம். காலியானதும் குறிய எடுத்துட்டுத் தூங்கலாம். இந்த டிரைவர் அதச் செய்யல, அவ்வளவுதான்!"

வாசலில் நின்றிருந்த மஜீது பாய் இதைக் கேட்டுவிட்டார். "எந்த டிரைவரு? வல்லரசா? இன்னா பண்ணான்?"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. டிரைவர் என்பது கார்டை இயக்குகிற சின்ன நிரலுக்கும் பெயர் என்று சங்கமித்ரா அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே நாலு ஹாரன் அடித்துவிட்டது.

அந்த நிரலை எழுதியவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். அதை அச்செடுத்து, பேனாவால் கோடு கோடாகப் போட்டுப் படித்தாள். மூன்றே நாளில் நாற்பது வரி மாற்றம் தயார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில், கேட்டில் லாரி குறைந்திருந்த நேரம் பார்த்து, புது டிரைவரை ஏற்றினாள்.

நான் சோற்றுக் கையோடு நின்று பார்த்தேன். இருபத்திரண்டாயிரம் இருந்த இடத்தில் ஆயிரத்து நானூறு!

"விழுந்துச்சு! விழுந்துச்சு!" என்று நாற்காலியோடு சுற்றினாள். கேட்டிலிருந்து மஜீது பாய் போனில் கத்தினார்: "மித்ரா, சீட்டு சும்மா பிச்சிகினு வருதும்மா! லாரிய நிறுத்தறதுக்குள்ள வந்துடுது!" நாலு மணிக்குள் ரோட்டில் வரிசையே இல்லை. ஆபீஸ் முழுக்க டீயும் சமோசாவும் வந்தது. தண்டபாணி சார் இரண்டு சமோசாவை எடுத்து அவள் தட்டில் அவரே வைத்தார்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்குக் கேமரா கணினி நின்றுவிட்டது. மெதுவாக அல்ல, அடியோடு. ஒரு படம்கூட உள்ளே வரவில்லை. அணைத்துப் போட்டதும் ஓடியது. மூன்றே முக்காலுக்கு மறுபடி நின்றது. வியாழக்கிழமையும் இரண்டு தடவை. நடு கேட்டில் லாரி மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் ஒரே ரகளை.

"மெதுவா ஓடினாலும் ஓடிச்சும்மா," என்றார் தண்டபாணி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பழசையே போட்டுடு."

போட்டாள். தட்டல் இருபத்திரண்டாயிரத்துக்கு ஏறியது, வரிசை எர்ணாவூருக்குப் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் டப்பாவைத் திறந்து, என்னைக் கேட்காமலே என் எலுமிச்சம் சாதத்தை எல்லாம் சாப்பிட்டாள். அவள் அழவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம். ஒரு தாளில் கேமரா நின்ற நேரங்களை எழுதி முறைத்துக்கொண்டிருந்தாள்: 11.15, 3.45, 11.20, 3.40.

நான் சும்மா எட்டிப் பார்த்தேன். "அட, இது நான் கப்பல் ரிப்போர்ட் எடுக்கிற நேரமாச்சே!"

சாதம் வாயில் இருக்க அப்படியே நின்றாள். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "இன்னொரு தரம் சொல்லு!"

தினமும் இரண்டு முறை, எந்தக் கப்பலில் எந்தக் கன்டெய்னர் என்கிற பெரிய ரிப்போர்ட்டை நான் எடுப்பேன். அப்போது காகிதக் கணினிக்கு வேலை அதிகமாகும். பெரிய சர்வர் அதற்கு நேரம் கொடுப்பதற்காகக் கேமரா கணினியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். சங்கமித்ராவின் நிரல், வரிசை காலியா என்று பார்த்து, காலி என்றால் 'தட்டாதே' குறியை எடுத்துவிட்டுத் தூங்கப் போகும். பார்த்ததற்கும் குறியை எடுத்ததற்கும் நடுவில் சரியாக நிறுத்திவிட்டால்? அந்த இடைவெளியில் பொட்டலங்கள் வந்து வரிசையே நிரம்பிவிடும். குறி இருப்பதால் ஒரு தட்டலும் வராது. கேமரா கணினி மறுபடி கிளம்பியதும், காலி என்று முன்பு பார்த்ததையே நம்பி, குறியை எடுத்துவிட்டுத் தூங்கிவிடும். வரிசையில் புதுப் பொட்டலம் வைக்க இடம் இல்லை. புதுசாக ஒன்று வந்தால்தானே தட்டல் வரும்? அவ்வளவுதான், யாரும் எழுப்பாமல் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

"அப்போ இதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன்.

"வேணும்னே நிக்க வைக்கிறேன் பாரு."

கேமரா கணினியை அப்படியே நகல் எடுத்து, வெளியே யாருக்கும் தொந்தரவில்லாமல் தனியாக ஓடவிட்டாள். மெய்நிகர் கணினியில் அது ஒரு சௌகரியம். சந்தேகப்பட்ட அந்த இடத்தில் ஒரு சின்னத் தாமதத்தை வைத்தாள். பழைய கேமராப் படங்களை அதன் மேல் கொட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நின்னுடுச்சு!" என்று கூவினாள். மறுபடி ஓட்டினாள். "திரும்பவும் நின்னுடுச்சு ரேச்சலு! ஒவ்வொரு தரமும் நிக்குது!"

ஓடிக்கொண்டிருப்பது நின்றதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாற்றம் மூன்றே வரி. குறியை எடுத்த பிறகு, தூங்குவதற்கு முன், இன்னொரு தடவை வரிசையைப் பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் குறியை மறுபடி வைத்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். தாமதத்தை எடுக்காமலே ஓட்டினாள். நிற்கவில்லை. என்னை ரிப்போர்ட் எடுக்கச் சொன்னாள். பதினோரு தடவை எடுத்தேன், பிரிண்டரில் காகிதம் தீர்ந்தது. அப்போதும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை தண்டபாணி முன்னால் போய் நின்றாள்.

"மறுபடி நின்னா என்னம்மா பண்றது?"

"நிக்காது சார். எங்க நிக்கும்னு கண்டுபிடிச்சு, அங்கயே நிறுத்திப் பாத்துட்டேன்."

தண்டபாணி தலையாட்டினார். "போடு."

பதினொன்றே கால் மணிக்கு நான் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேட் ஓடியது. மூன்றே முக்காலுக்கும் ஓடியது. அந்த வாரம் முழுக்க ஓடியது. புது சர்வர் வாங்கும் பேச்சு அதோடு போயிற்று.

மூன்று வாரம் கழித்து, இந்த மாற்றத்தை அந்த நிரலை எழுதியவர்களுக்கே அனுப்பலாம் என்றாள். அவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருந்தார்கள், மின்னஞ்சல் குழுவில்தான் பேசிக்கொள்வார்கள். அவள் எழுதிய ஆங்கிலத்தை நான் கொஞ்சம் செப்பனிட்டேன். மறுநாள் போலந்திலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். வாழ்த்து ஒன்றும் இல்லை. வரிகளை இந்தக் குழுவின் வழக்கப்படி இடம் விட்டுத் தள்ளி எழுதவில்லை என்று முதலில் ஒரு குட்டு. அடுத்து, வேகத்துக்காகப் பிராசஸர் சில சமயம் கட்டளைகளின் வரிசையை மாற்றிச் செய்துவிடும், குறியை எடுப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் நடுவில் அதைத் தடுக்க ஒரு வரி வேண்டும் என்று இன்னொரு குட்டு.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவளோ மேஜையைத் தட்டினாள். "கரெக்டு! கரெக்டா சொல்றான்! நான் எப்படி இத விட்டேன்?"

இரண்டாவது தடவை அனுப்பினாள். மூன்றாவது தடவையும் அனுப்பினாள். நான்காம் நாள் காலை நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினாள். ஒரே வார்த்தை, ஏற்றுக்கொண்டாயிற்று என்று. கீழே எழுதியவர் பெயர்: பி. சங்கமித்ரா, சென்னை.

மஜீது பாயிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "அப்போ லண்டன்ல எவனாச்சும் இத்த இறக்கிப் போட்டான்னா, நீ எழுதினதுதான் அங்க ஓடுமா?"

"ஓடும் பாய்."

"ஜப்பான்ல?"

"அங்கயும் ஓடும்."

அவர் கேட்டை நோக்கி நடந்தார். முதலில் நின்ற லாரியின் கதவைப் படபடவென்று தட்டினார். "யோவ் வல்லரசு, எறங்குய்யா கீழ! நம்ம வியாசர்பாடிப் பொண்ணு இன்னா பண்ணிகீதுன்னு தெரியுமா உனக்கு?" வரிசையில் இருந்த டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து, ஒன்றும் புரியாமலே கை தட்டினார்கள். வல்லரசு மட்டும் லாரிக்குள் கையை விட்டு ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

சங்கமித்ரா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டாள். போலந்துக்காரர் அதற்குள் இன்னொரு கடிதம் போட்டிருந்தார். பொட்டலம் வரும் பக்கம் சரியாகிவிட்டது, அனுப்பும் பக்கத்திலும் இதே மாதிரி வீண் தட்டல்கள் இருக்கின்றன, பார்க்க நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தார். அவள் நின்றபடியே 'இருக்கும்' என்று தட்டி அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.