ஓடாத காரின் கண்ணாடி

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் கைப்பிடிதான் ஞாபகம் வருகிறது. கார்க் கதவின் உள்பக்கம், கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றுவோமே, அது. இஞ்சின் ஒரு பலகையின்மேல் பிரித்துப் போட்டபடி கிடக்கும். அத்தானோ கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் கைப்பிடிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். ஓடாத காருக்கு எதற்கு இந்தச் சீராட்டு என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். அடுத்தவர் காரியத்தைக் குடைந்து கேட்பது என் பிறவிக் குணம். ஆனால் சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுத் தறிக்கூடத்தில் நின்றுகொண்டு யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. விசைத்தறிகள் ஓடும்போது கேட்டவனுக்கே தன் கேள்வி காதில் விழாது. கைச்சாடைதான் அங்கே பாஷை.

மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய கறுப்புக் காரை அத்தான் வாங்கி வந்து தறிக்கூடத்தின் ஒரு மூலையில் நிறுத்தினார். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார்: “மாப்ளே, அடுத்த சாரலுக்கு ஒங்க அக்காவ இதுல வச்சு குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.” அதற்குப் பிறகு எத்தனையோ சாரல் வந்து போனது, கார் நகரவில்லை. எனக்கு அதில் பெரிய வியப்பும் இல்லை. அவர்கள் இருவரும் அப்படி ஒன்றாக உல்லாசப் பயணம் போகிற ஜோடி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். காபி வேண்டுமா என்பதையே தொண்டை கிழியக் கேட்டுக்கொள்வார்கள். தறி நின்ற பிறகும் அந்தக் கத்தல் நிற்காது, பழகிவிட்டது. அக்காவைச் சண்டைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று எங்கள் அம்மா கடைசிவரை அங்கலாய்த்தாள்.

போன வருஷம் அத்தான் இறந்துவிட்டார். ஒரு நாள் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, கார் நிக்கிற எடத்துல ரெண்டு தறி போடலாம். கோயம்புத்தூர்ல ஒருத்தர் முழுசா கேக்காரு. மதுரைக்காரர் ஒருத்தர் பிரிச்சுத் தந்தா எடுத்துக்கிடுதேங்காரு. அம்மா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்க வந்து பேசுங்க.”

நான் போன அன்று அந்த மதுரை வியாபாரியும் வந்திருந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சிரித்தார். “என்னண்ணே, எல்லாரும் இஞ்சின்லதான ஆரம்பிப்பாங்க? இவரு அதைப் பிரிச்சதோட சரி. ஆனா நாலு கதவுக்கும் ரப்பர் புதுசு, கண்ணாடி புதுசு. காத்துப் போக வழியில்லாம அடைச்சு வச்சிருக்காரு!”

விற்பதா பிரிப்பதா என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. நேரே அக்காவிடம் போனேன். ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தவளின் காதோரம் குனிந்து, அத்தான் காரை ஏன் இப்படி அடைத்து வைத்தார் என்று கத்தினேன். அவள் நூலைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். நானும் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். கையால் சுற்றிக் காட்டினாள். கைப்பிடியைச் சுற்றினேன். கண்ணாடி மேலே முட்டியதும் தறிகள் எல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டன.

“குத்தாலம் போகத்தான் வாங்குனாரு, பொய்யில்ல,” என்றாள் அக்கா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. “கண்ணாடி மாட்டுன அன்னைக்கு, சரியா ஏறுதான்னு பாக்க என்னையும் உள்ள உக்காரச் சொன்னாரு. சத்தம் அடங்கிட்டு. நான் என்னமோ சொன்னேன். ‘ஏட்டி, ஒங் கொரலு இப்படியா இருக்கும்?’ன்னாரு. அதோட இஞ்சின் வேலைய விட்டுட்டாரு.”

“இந்த வெக்கையிலயா?”

“வேர்த்து ஊத்தும். இருந்தாலும் சாயங்காலம் ஆனா வந்துருவோம். நீங்க எல்லாரும் எங்களச் சண்டைக்காரங்கன்னு நெனச்சிய. அவரு மெதுவா பேசி நீ கேட்டதில்லல்லா?”

இல்லை. அத்தான் என்றால் எனக்கு ஓர் உரத்த குரல்தான். அந்த மனிதரை எனக்குப் பாதிதான் தெரியும் என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது.

“அப்ப இது இருக்கட்டும்க்கா. நான் அவன்கிட்ட சொல்லுதேன்,” என்றேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். கண்ணாடியைத் தட்டி மகனைக் கூப்பிட்டாள். அவன் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

“ஒனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சு. ஒம் பொண்டாட்டிகிட்ட எங்க வச்சு மக்கா பேசுத?”

அவன் கண்ணாடி வழியே பார்த்தான். அவன் மனைவி தறிக்குப் பக்கத்தில் நின்று, நூல் தீர்ந்துவிட்டது என்று அவனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மதுரைக்காரர் இஞ்சினையும் சக்கரங்களையும் முன்பக்கம் முழுவதையும் பிரித்து எடுத்துப்போனார். காலியான இடத்தில் அக்கா மகன் ஒரு தறி மட்டும் போட்டான். நாலு கதவும் சீட்டுகளும் உள்ள மிச்சக் கார் செங்கல்மேல் நிற்கிறது.

போன மாதம் போயிருந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காரின் கண்ணாடிகள் ஏறியிருந்தன, உள்ளே இருவர். மருமகள் எதற்கோ சிரித்தாள். என்ன பேசுகிறார்கள் என்று அறிய மெல்லப் பக்கத்தில் போனேன். ஒரு சொல் வெளியே வரவில்லை. தூரத்திலிருந்து அக்கா, போலே அங்கிட்டு என்று கையை வீசினாள். அவர்கள் இறங்கிப் போனபிறகு கதவைத் திறந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். இழைந்தது. விரலில் புதுக் கிரீஸ் ஒட்டியிருந்தது.