கடைசி வரியில் இருந்த பெயர்

ஞானசிகாமணிக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் அச்சாபீசில் பதினோரு வருஷம் எழுத்துக் கோர்த்தவர். பொடி போடுவார், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடமாட்டார், கோபம் வந்தால் முதலாளி என்றும் பார்க்கமாட்டார்.

முதலாளி அம்மையப்ப பிள்ளை நடத்தியது ஒரு வாரப் பத்திரிகை. அதன் கடைசி வரியில் அச்சிட்டவர் பெயர் இருக்கவேண்டும் என்பது சர்க்கார் சட்டம். வழக்கு என்று வந்தால் முதலில் மாட்டுவது அந்தப் பெயர்க்காரன்தான். அதனால் பிள்ளை தன் பெயரைப் போடாமல், மாஜிஸ்திரேட் முன்னால் ஞானசிகாமணியைக் கையெழுத்துப் போடவைத்திருந்தார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

1908 மார்ச்சில் திருநெல்வேலியில் கலவரம் மூண்டு துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று எங்களுக்குக் காகிதக் கட்டு ஏற்றிவந்த வண்டிக்காரர் ஐயம்பெருமாள் குண்டு பட்டுச் செத்தார். மிரண்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவர் அவர். கூடப் போயிருந்த ஞானசிகாமணி அதைக் கண்ணால் பார்த்தார்.

பிள்ளை எழுதிக் கொடுத்த செய்தியிலோ, ‘கல்லெறிந்த கலகக்காரன் ஐயம்பெருமாள்’ என்றிருந்தது. சர்க்கார் ஏல விளம்பரம்தான் பத்திரிகைக்குச் சோறு போட்டது. அது நின்றுவிடுமே என்று அவருக்குப் பயம்.

“அண்ணாச்சி, நம்ம காயிதத்தை ஏத்திட்டு வந்தவன். மாட்டுக் கயித்தைத்தான் பிடிச்சிருந்தான். கல்லு எங்கன இருந்து வந்துச்சு?” என்றார் ஞானசிகாமணி.

“எழுதினதைக் கோத்துப் போடும் வே. உமக்கு எதுக்கு ஊர் வம்பு?”

“என் பேரு கீழ கிடக்குல்லா? ஜெயிலுக்குப் போறதுக்கும் என் பேரு, பொய் சொல்லுததுக்கும் என் பேரா?”

பிள்ளை காதில் வாங்கவில்லை. ஞானசிகாமணி அப்படியே கோர்த்துக் கொடுத்தார். மனுஷர் அடங்கிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பிள்ளை புரூப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனதும் ஞானசிகாமணி அந்த வரிகளைப் பிடுங்கிப் போட்டார். ‘வெறுங்கையுடன் மாட்டைப் பிடித்து நின்ற ஐயம்பெருமாள் சுடப்பட்டார். நான் பார்த்தேன்’ என்று கோர்த்தார். சேர்ந்துதான் அச்சடித்தோம். பிள்ளை வந்துவிடுவாரோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. பிள்ளை கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

“ஆமா, நான்தான். வேற யாரையும் கேக்காதிய,” என்று மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஞானசிகாமணி நடந்தார். ஆறு மாதத் தண்டனை. ஐயம்பெருமாளின் மனைவி கோமுவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கித் தன் வாசற்கதவில் ஒட்டிவைத்தாள். போலீஸ்காரன் கிழித்தால் இன்னொன்று கேட்டு வந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளை மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் பத்திரிகையைக் காப்பாற்றிக்கொண்டார். இப்போது கடைசி வரிக்கு வேறு பெயர் வேண்டும். ஆபீசில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. என்னிடம் பைய வந்தார்.

“ஏலே, நீ கையெழுத்துப் போடுதியா?”

எனக்கு இரண்டு பிள்ளைகள். பயமாகத்தான் இருந்தது. சேர்ந்து அச்சடித்துவிட்டு அவரை மட்டும் ஜெயிலுக்குப் போகவிட்டது அதைவிட வெட்கமாக இருந்தது.

“போடுதேன். ஆனா என் பேரு வேணும்னா, பொய்யை வெளிய வச்சிட்டு வாங்க அண்ணாச்சி.”